அம்மா வந்த தூரம்

ஜனவரி 8

என் அன்பு அம்மாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் இருமல் எங்கள் இரண்டு பேரையும்விடச் சுகமாக இருக்கிறது, போகவே மாட்டேன் என்கிறது. உன் விரல் விறைப்பு எப்படி இருக்கிறது? குளிர் அறையில் இரண்டு கையுறை போட விடுகிறார்களா?

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "சாப்பிட்டாளான்னு கேளு, தூங்கினாளான்னு கேளு" என்று என் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நீ சாப்பிட்டதும் தூங்கியதும் கேட்டு முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் கடல் மறுபடியும் நம் தெருவுக்குள் வந்தது. இந்த முறை பள்ளிக்கூடம் வரைக்கும். காலையில் கீழ்த்தள வகுப்பறையைத் திறந்தபோது தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் நின்றது. பெஞ்சுகளுக்கு அடியில் விரல் நீள மீன்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கரும்பலகையின் நிழல் விழுந்த இடத்தில் ஒரு மீன் மட்டும் நின்று, பாடம் கேட்பது போல வாயைத் திறந்து திறந்து மூடியது. எப்போதும் சத்தம் போடுகிற தலைமை ஆசிரியைகூட வாசலில் செருப்பைக் கையில் பிடித்தபடி பேசாமல் நின்றார். அவ்வளவு அழகாக இருந்தது, அம்மா. அழகாக இருந்ததுதான் பயமாக இருந்தது. அப்பா பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து சாயங்காலம் வரை இறைத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் நூலகர் மேடம் ஒரு கதைக் குழு ஆரம்பித்திருக்கிறார். இந்த ஊரில் வாரா வாரம் விமானத்தில் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போகும் துறைமுக நகரத்துக்கே இரவு ரயில் பாதி காலியாகத்தான் போகிறது. புகையை விடுகிறவர்கள் ஒரு பக்கம், மீன் நுழைகிற வகுப்பறை இன்னொரு பக்கம். இதைக் கதைகளாகச் சொல்லப் போகிறோம். மேடம் ஒரே ஒரு விதிதான் வைத்திருக்கிறார்: "முடிக்கும்போது யார்கிட்டயும் எதுவும் கேட்காதீங்க. கேட்டா அது விளம்பரம். சொல்லிட்டு சும்மா நில்லுங்க." சும்மா நிற்பதுதான் எனக்கு வரவில்லை.

நீ வேலை செய்யும் இடத்தைப் பற்றி எழுதேன். எனக்குக் கதை வேண்டும்.

உன் விரல்களைப் பார்த்துக்கொள்.
உன் கரையான்


ஜனவரி 29

புத்தகம் தின்னும் என் கரையானுக்கு,

விரல்கள் இதை எழுதும் அளவுக்கு மடங்குகின்றன, கவலைப்படாதே. அப்பாவை வெந்நீர் குடிக்கச் சொல். டீயை வெந்நீர்க் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்.

என் சமையற்கூடத்தில் உன் பள்ளிக்கூடத்தை அப்படியே தூக்கி வைத்தாலும் இடம் மிச்சம் இருக்கும். விமானங்களுக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டுகள் நகரும் பட்டையில் வந்துகொண்டே இருக்கும். அடுக்கி முடித்த வண்டிகள் சுவர் மாதிரி நிற்கும், வெள்ளிச் சுவர். ஒரு மணி நேரத்தில் அந்தச் சுவர் முழுசும் வானத்துக்குப் போய்விடும். அடுத்த சுவர் வரும். முதல் நாள் அதைப் பார்த்து வாயைப் பிளந்தவள்தான். பிறகு கரண்டி, முள்கரண்டி, கை துடைக்கும் தாள், எல்லாவற்றையும் வலது மூலையில் வைக்கக் கற்றுக்கொண்டேன். மூன்று வருஷமாக என் உலகம் அந்த வலது மூலைதான்.

இப்போது என்னைத் தனிச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். சர்க்கரை சேராதவர், பால் சேராதவர் என்று தட்டு தனித்தனியாக இருக்கும், மேலே ஆள் பெயர் ஒட்டியிருக்கும். அதில் ஒருவர் உப்பு சேர்க்காதவர். வாரத்துக்கு நாலு தடவை அவர் தட்டு போகிறது. எங்கள் மேசைக்காரிகள் அவருக்கு 'உப்பில்லாதவர்' என்று பெயர் வைத்து, கல்யாணம் பண்ணி, ஒரு பிள்ளையும் கொடுத்துவிட்டார்கள். "பாவம், அந்தப் பிள்ளைக்கு அப்பா முகமே மறந்திருக்கும்" என்று ஒருத்தி நேற்று சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் மேசையில் பிள்ளை முகத்தை வருஷக்கணக்கில் பார்க்காதவர்கள்தான் எல்லாரும்.

ஒன்று சொல்ல மறந்தேன். பறக்காதீர்கள் என்று சொல்லும் உன் கடிதம் விமானத் தபாலில் பறந்து வந்திருக்கிறது! சொன்னேன், மேசையே சிரித்தது.

மே, ஜூன் இரண்டு மாதமும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், உன்னிடமும் சொல்லிப் பார்க்க ஆசை.

நேரத்துக்குச் சாப்பிடு.
அம்மா


பிப்ரவரி 17

என் அன்பு அம்மாவுக்கு,

அப்பாவின் இருமல் பாதிதான் இருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் நேற்றிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை. ஏன் என்று கேள்.

நகர மன்றத்தில் எங்கள் கதைக் குழுவுக்கு ஒரு சாயங்காலம் கொடுத்தார்கள். கண்ணாடிக் கட்டிடத்து அலுவலகத்திலிருந்து நிறையப் பேர் வந்திருந்தார்கள், வாரா வாரம் பறப்பவர்கள் அவர்கள்தான். நான் வகுப்பறை மீனைச் சொன்னேன். பிறகு வெள்ளிச் சுவரையும் உப்பில்லாதவரையும் சொன்னேன். உலகத்தில் பெரும்பாலான பேர் விமானத்துக்குள் கால் வைத்ததே இல்லை, கடல் ஏறி வருவது அவர்கள் வீட்டுக்குத்தான் முதலில் என்று சொல்லி முடித்துவிட்டு, விதிப்படி சும்மா நின்றேன். அம்மா, அவ்வளவு பெரிய கூடம் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மின்விசிறி சுற்றுவது தனித்தனியாகக் கேட்டது. ஒரு கதை இத்தனை பேரின் வாயை மூடுமா!

அப்போது முன்வரிசையில் ஒருவர், "பாப்பா, உங்க அம்மா வெளிநாட்டுலதானே இருக்காங்க? அவங்க எப்படி வருவாங்க, நீந்தியா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. "தரைவழியா வருவாங்க. எங்க வீட்ல யாரும் பறக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டேன். ஒரே கைதட்டல்! இன்றைய செய்தித்தாளில்கூட ஒரு பத்தி வந்தது. வெட்டி வைத்திருக்கிறேன்.

மேடம் மட்டும் கைதட்டவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

நிஜமாகவே தரைவழி ஒன்று இருக்கிறது, அம்மா. நூலகத்து வரைபடத்தில் பார்த்துவிட்டேன். ரயில், பஸ், பிறகு கப்பல், மறுபடியும் ரயில். வருவாய்தானே?

பெருமையோடு,
உன் கரையான்


மார்ச் 9

கரையானுக்கு,

சுகம். நீங்கள் சுகமா?

உன் கடிதம் கிடைத்தது. சரி.

உன் செருப்பு அளவு இப்போது என்ன? பாதத்தைத் தாளில் வைத்துக் கோடு போட்டு அனுப்பு என்று எழுத நினைத்தேன், அதற்கு நேரம் இருக்காது. வளர்ந்திருக்கிறாய் என்று அப்பா சொல்கிறார். எவ்வளவு என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, கையைக் கதவில் வைத்துக் காட்டினாராம். போனில் அது எப்படித் தெரியும்?

அம்மா


மார்ச் 24

என் அன்பு அம்மாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? உன் கடிதம் இவ்வளவு சின்னதாக இருந்ததால் கேட்கிறேன். எங்கள் சுகத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அம்மா, நீ விமானத்தில் வா.

நேற்று சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "ரெண்டு மாசம் சனிக்கிழமை வேலை எடுக்க மாட்டேன்னு பட்டறையில சொல்லிட்டேன். உங்கம்மா வந்தா தினமும் கடற்கரைக்குப் போறோம்." அவர் சொல்லிக்கொண்டே போக, நான் மனதுக்குள் நாட்களை எண்ணினேன். நான் வரைபடத்தில் கோட்டைத்தான் பார்த்தேன், நாளைப் பார்க்கவே இல்லை. தரைவழி வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். போக ஒரு மாதம். நீ வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உடனே மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அப்பாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. போனில் அவர் பக்கத்தில் இருப்பதால் உன்னிடமும் சொல்ல முடியவில்லை. மன்றத்தில் என்ன சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வா, பறந்தே வா.

நீ அன்றைக்குச் சிரித்தாய் அல்லவா, அதனால் இந்தக் கடிதத்தைக் கப்பல் தபாலில் அனுப்புகிறேன். தபால் நிலையத்தில் இருந்தவர், "அது இன்னும் இருக்கா?" என்று என்னையே கேட்டார். பிறகு ஒரு பழைய புத்தகத்தைத் தட்டி எடுத்துப் பார்த்து, இருக்கிறது என்றார். ஐந்து வாரம் ஆகுமாம். உன் விடுப்பு மே மாதம்தானே, அதற்குள் வந்துவிடும்.

உடனே பதில் போடு.
உன் கரையான்


ஏப்ரல் 5, ரயிலில்

என் கரையானுக்கு,

நான் சுகம், நன்றாகச் சாப்பிடுகிறேன். இதை நீ முதலில் படி, பிறகு அப்பாவிடம் கொடு. அவர் உட்கார்ந்த பிறகு கொடு.

விடுப்பை ஏப்ரலுக்கு மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். போனில் சொல்லியிருந்தால் அப்பா தடுத்திருப்பார், நானும் நின்றிருப்பேன். இப்போது ஓடும் ரயிலை யாரும் தடுக்க முடியாது.

நேற்று விடிந்ததிலிருந்து புல்வெளி. மத்தியானமும் புல். சாயங்காலமும் புல். இன்று எழுந்து பார்த்தால் அதே புல். ஒரு வீடு இல்லை, ஒரு மரம் இல்லை. எங்கோ ஒரு குதிரை தனியாக நின்று ரயிலைப் பார்த்தது. எதிரே இருந்த பாட்டுக்காரர் ஒருவர் தன் வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்தார், வெளியே பார்த்தார், வாசிக்காமலே உள்ளே வைத்துவிட்டார். எனக்கு அவரைப் புரிந்தது.

இத்தனையையும் மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் தாண்டித்தான் வந்திருக்கிறேன், கரையான். அப்போது விமானத்தில் கழுத்துக்குத் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

துறைமுக நகரத்தில் இறங்கும்போது கப்பல் அலுவலகத்தில் கேட்பேன். எழுதினால் அந்த விலாசத்துக்கு எழுது, பின்பக்கம் இருக்கிறது.

அம்மா


ஏப்ரல் 14, கப்பலுக்குக் காத்திருக்கும் ஊர்

கரையானுக்கு,

சளி பிடித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. உன் உடம்பும் அப்பா உடம்பும் எப்படியோ என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

பஸ் ஒரு பழைய ஏரி வழியாக வந்தது. ஏரி என்று பெயர்தான், தண்ணீர் இல்லை. மணலில் படகுகள் சாய்ந்து கிடந்தன, பெரிய பெரிய படகுகள், துடுப்புக்குப் பக்கத்தில் ஆடு மேய்ந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அந்தக் கரையில் பிறந்தவளாம். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க வீட்டை மூன்று தடவை நகர்த்திக் கட்டியிருக்கிறாள். உங்கள் தெருவில் தண்ணீர் வருகிறது, அவள் தெருவை விட்டுத் தண்ணீர் போகிறது. எங்கள் பேச்சு பாதி கையாலும் பாதி முகத்தாலும்தான் நடந்தது. நான் செய்யும் வேலையை எப்படியோ புரியவைத்தேன். அவள் வானத்தைக் காட்டி, விமானம் தினமும் எங்கள் தலைக்கு மேல்தான் போகும், உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டாள். எனக்கு வேறு என்ன தெரியும்? கையால் சதுரமாகக் காட்டினேன். தட்டு.

விழுந்து விழுந்து சிரித்தாள்.

நீ கொடுத்த வாக்குக்காகத்தான் இப்படி வருகிறேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனால் ஒன்று சொல்கிறேன். மூன்று வருஷமாக உன்னை விட்டு ரொம்பத் தூரத்தில் இருக்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு தூரம் என்று எனக்கே தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது தெரிகிறது. இது ரொம்பப் பெரிய பூமி, கண்ணு. இதன் மேல் உன்னை எப்படி விட்டுவிட்டு வந்தேன்?

கப்பல் நாளை.
அம்மா


ஏப்ரல் 17

அம்மாவுக்கு,

சளிக்கு மாத்திரை இருக்கிறதா? குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறதா? ஜன்னல் பக்கம் தூங்காதே, காற்று அடிக்கும். உனக்குச் சளி பிடித்ததா என்று எனக்குத் தெரியாது, பிடித்திருக்கும் என்று தோன்றுகிறது.

உன் ரயில் கடிதம் நேற்று வந்தது. அப்பாவை உட்காரச் சொன்னேன். "எதுக்கு?" என்றார். உட்காருங்க என்றேன். பம்பு மேல் உட்கார்ந்து படித்தார். "உங்கம்மாவுக்கு என்ன, கால் இருக்குன்னு நடந்தே வந்துடுவாளா? இவளுக்கு யாரு இந்த யோசனையைக் கொடுத்தது?" என்று கத்தினார். நான்தான் என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மன்றம், கைதட்டல், கப்பல் தபால்.

கப்பல் தபால் என்றதும்தான் அவருக்கு ரொம்பக் கோபம் வந்தது. "அறிவிருக்கா? விமானம் எப்படியும் போகுது. உன் ஒரு கடிதம் ஏறலைன்னு அது பாதி வழியில இறங்கிடுமா? வாம்மான்னு சொல்ற கடிதத்தைப் போய் ஆமைகிட்டயா குடுத்து அனுப்புவ?"

அழுதேன். அவர் வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சாக்பீஸ். போன வருஷத்து வெள்ளம் சுவரில் விட்ட உப்புக்கறைக்கு மேலே, கூடத்துச் சுவர் முழுக்க ஒரு கோடு இழுத்தார். ஒரு முனையில் சமையற்கூடம், இன்னொரு முனையில் நம் வீடு. உன் கடிதத்தைப் பார்த்து ஒரு இடத்தில் புள்ளி வைத்தார். பிறகு பின்னால் தள்ளி நின்று, "அடேயப்பா!" என்றார். கோபம் போய்விட்டது என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. சாப்பிடும்போது தட்டைக்கூடப் பார்க்காமல் சுவரைத்தான் பார்த்தார்.

அம்மா, எனக்கு அந்தக் கோட்டைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அதிலே பாதி மாதம் போய்விட்டது. என் வாக்குதான் உன் விடுப்பைத் தின்கிறது. திரும்பிப் போகும்போதாவது பறந்து போவாயா? மன்றத்தில் கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. தெரியாமலே கேட்கிறேன்.

நீ பத்திரமாக வந்தால் போதும்.
உன் மகள்


மே 1, கடைசி ரயிலில்

என் கரையானுக்கு,

சளி போய்விட்டது. உன் கடிதம் கப்பல் அலுவலகத்தில் இருந்தது. எனக்குச் சளி பிடித்தது உனக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து நிற்பேன். இருந்தாலும் எழுதுகிறேன், பார்த்தது ஆறிப்போவதற்குள் எழுத வேண்டும்.

கடலில் பல நாள் கரையே இல்லை. சரக்குக் கப்பல், பயணிகள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஒரு காலையில் காற்றே இல்லாமல் கடல் எண்ணெய் மாதிரி நின்றது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வட்டம். அந்த வட்டத்தின் ஓரம் வளைந்திருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. பூமி உருண்டை என்று உன் புத்தகத்தில் எழுதியிருக்கும். நான் அதன் மேல் நின்று பார்த்தேன். கப்பல் சமையல்காரர் வெங்காயம் உரித்த கையோடு வந்து பக்கத்தில் நின்றார். "எத்தனை வருஷமா பாக்குறீங்க?" என்று கேட்டேன். "தினமும் முதல் தடவைதான்" என்றார்.

இப்போது துறைமுக நகரத்திலிருந்து நம் ஊருக்கு வரும் ரயில். விடிந்துகொண்டிருந்தது. திடீரென்று சக்கரச் சத்தம் மாறியது. எட்டிப் பார்த்தால் தரை இல்லை! இரண்டு பக்கமும் ஏரி, நடுவில் தண்டவாளம் மட்டும். ரயில் தண்ணீர் மேல் போவது போலவே இருந்தது. ஒரு பக்கம் ஏரி முழுக்க வெள்ளையாக ஏதோ கிடந்தது, நுரை என்று நினைத்தேன். ரயில் சத்தத்தில் அந்த நுரை எழுந்தது, கரையான். அத்தனையும் பறவை. எழுந்துகொண்டே இருந்தது, முடியவே இல்லை. சூரியனை மறைத்துவிட்டது. என் பெட்டியில் இருந்த எல்லாருக்கும் முகத்தில் நிழல் ஓடியது.

நம் ஊரிலிருந்து ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில் இப்படி ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷம் அந்த ஊரில் குடியிருந்தேன், எனக்குத் தெரியாது.

அடுத்த நிலையத்தில் இதைத் தபாலில் போடுவேன். அப்புறம் உன்னிடம் வந்துவிடுவேன்.

அம்மா


ஜூன் 3

என் அன்பு அம்மாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? காது அடைத்ததா? இங்கே அப்பாவுக்கு இருமல் சுத்தமாக இல்லை. நீ போன மறுநாள் லேசாக ஒரு தடவை இருமினார், அது இருமலா என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு மாதம் முழுக்க நாம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று இப்போதுதான் கவனித்தேன். எழுத என்ன இருந்தது? கதவை ஒட்டி என்னை நிறுத்தி அளந்து, "அப்பா கையைத் தப்பா வச்சுக் காட்டியிருக்கார், இன்னும் ஒரு சாண் மேல" என்றாய். அது எழுதினால் வருமா?

நீ வந்த மறுநாளே, திரும்பவும் தரைவழி போகிறேன் என்று பையை எடுத்தபோது நான் பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். நல்ல வேளை, கனமாக இருக்கிறேன். "மன்றத்துல என்னடி சொல்லுவ?" என்றாய். "தெரியாது, நீ இரு" என்றேன். அந்த ஒரு மாதம் எனக்குக் கிடைத்தது.

விமான நிலையத்தில் நீ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகு நானும் அப்பாவும் வேலி ஓரம் நின்றோம். உன் விமானம் ஓடி வந்து, அவ்வளவு பெரிய எடை, தரையை விட்டது. அம்மா, உன்னிடம் மறைக்கக் கூடாது. அது எனக்கு அழகாகத் தெரிந்தது. ரொம்ப அழகாக. அதை வெறுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனவள், வாயைத் திறந்துகொண்டு நின்றேன். இவ்வளவு பெரிய அதிசயத்தைத்தானா சிலர் பஸ் மாதிரி வாரத்துக்கு நாலு தடவை செலவழிக்கிறார்கள்?

ஜூலையில் மறுபடியும் மன்றத்தில் கூட்டம். எல்லாரும் உன் பயணத்தைக் கேட்க வருகிறார்கள். நீ வந்த கதையை மட்டும் சொல்லிவிட்டு, போன கதையைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. எல்லாரும் கைதட்டுவார்கள். மேடத்திடம் கேட்டேன். "உன் கதை, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் புத்தகம் அடுக்கப் போய்விட்டார்.

நீ என்ன சொல்கிறாய்?

உன் கரையான்


ஜூன் 20

கரையானுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். விரல்கள் ஒரு மாதம் வெயிலில் இருந்துவிட்டு வந்ததில் குளிர் அறையைக் கண்டால் முறைக்கின்றன. உங்கள் சுகத்தை எழுது.

என் கட்டில் மேல் உன் கப்பல் கடிதம் கிடந்தது. நான் கிளம்பிப் பல வாரம் கழித்து வந்ததாம். படித்தேன். "இது முன்னாடியே வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று மேசைக்காரிகள் கேட்டார்கள். தட்டு அடுக்க வேண்டியிருந்தது.

விமானத்தில் எல்லாரும் ஜன்னலை மூடிவிட்டுப் படம் பார்த்தார்கள். நான் மூடவில்லை. அந்தக் கடல், அந்த மணல், அந்த ஏரி, பஸ்ஸில் வந்த பெண்ணின் மூன்றாவது வீடு, எல்லாம் எனக்குக் கீழே எங்கோ இருந்தன. ஒரு நாள் முழுக்கப் பார்த்த புல்வெளியை, தேநீர் குடித்து முடிப்பதற்குள் தாண்டிவிட்டோம். நான் மட்டும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "கீழே என்ன இருக்கு?" என்று கேட்டார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மன்றத்தில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். அந்த நாளில் தண்ணீர் நிறையக் குடி, தொண்டை காயும்.

அம்மா


ஜூலை 8

என் அன்பு அம்மாவுக்கு,

தண்ணீர் குடித்தேன். அப்படியும் தொண்டை காய்ந்தது. மற்றபடி நாங்கள் இருவரும் சுகம். உன் விரல்களுக்கு இதனுடன் கம்பளி உறை அனுப்புகிறேன். அப்பா தேர்ந்தெடுத்தது, நிறத்துக்கு நான் பொறுப்பில்லை.

மன்றத்தில் நிற்க இடம் இல்லை. அப்பாவும் வந்திருந்தார், தூணுக்குப் பின்னால் நின்றார். நான் கதையை ஆரம்பிக்கவில்லை. முதலில் இதைச் சொன்னேன்: "போன தடவை எங்க வீட்ல யாரும் பறக்க மாட்டோம்னு சொன்னேன். அம்மா தரைவழியா வந்தாங்க. ஆனா பறந்துதான் திரும்பினாங்க. நான்தான் போகச் சொன்னேன். இல்லைன்னா எனக்கு அம்மாவே கிடைச்சிருக்க மாட்டாங்க."

யாரோ, "அப்போ கைதட்டினதைத் திருப்பிக் குடு!" என்றார். சிரிப்பு. ஆனால் நிறுத்தவில்லை. "அந்த வார்த்தை தப்பு. பிள்ளையைப் பார்க்க மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பறக்கிறவங்க கிட்டயும் வாரத்துக்கு நாலு தடவை பறக்கிறவங்க கிட்டயும் ஒரே வாக்கைக் கேட்கிறது நியாயம் இல்லை. நான் ஆள் மாத்திக் கேட்டுட்டேன்" என்றேன்.

பிறகு கதையைச் சொன்னேன். புல்லையும் தனிக் குதிரையையும் சொன்னேன். வாசிக்காமலே வாத்தியத்தை உள்ளே வைத்தவரைச் சொன்னேன். மணலில் கிடந்த படகுகள், தட்டு என்று கையால் காட்டியது, வளைந்த கடல். கடைசியில் ஏரி மேல் ஓடிய ரயில். பறவைகள் எழுந்த இடம் வந்தபோது, அம்மா, கூடத்தில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் தலையை மேலே தூக்கினார்கள். மேலே கூரைதான் இருந்தது. ஆனாலும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். யாரையும் எதுவும் கேட்காமல் சும்மா நின்றேன். இந்த முறை நிற்க வந்தது. கைதட்டல் இல்லை. எனக்கு அது தோற்றது போலவும் இல்லை.

எல்லாரும் போன பிறகு பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருந்தார். காலடியில் சக்கரம் வைத்த சின்னப் பெட்டி. கண்ணாடிக் கட்டிடத்தில் வேலை, கூட்டம் முடிந்து நேராக விமான நிலையம் போக வேண்டியவர், வாரா வாரம் துறைமுக நகரத்துக்குப் போகிறவர். வாசலில் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. "எட்டு வருஷமா அந்த ஏரிக்கு மேலதான் போய்ட்டிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என்னை அருகில் கூப்பிட்டு, ரகசியம் கேட்பது போலக் குனிந்து, "அடுத்த தடவை ரயில்ல ஜன்னல் சீட் எந்தப் பக்கம் எடுக்கணும்மா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் என்றுதான் எழுதியிருக்கிறாய். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் டிக்கெட் எடுப்பாராம்.

பறவைகள் எந்தப் பக்கம், அம்மா?

உன் கரையான்